திரையின் மூலையில் பச்சை எண்

துண்டு இன்னும் சூடாக இருக்கிறது. கீழே டிரையரிலிருந்து வாரிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வருவதற்குள் ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை, கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன், சூடு என்று தெரிகிறது, தெரிகிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. மடித்து வைக்கிறேன். அடுத்தது அவருடைய பனியன். அதற்கடுத்து என் சுடிதார் பேண்ட், நாடா உள்ளே போய்விட்டது, டிரையரில் போட்டால் நாடா எப்படியோ உள்ளே போய்விடுகிறது, ஊக்கு மாட்டி இழுக்க வேண்டும், அப்புறம் இழுத்துக்கொள்ளலாம். கம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு முன்னால் துணிக் குவியல், குவியலுக்கு அப்பால் சாப்பாட்டு மேசை, மேசையில் என் கணவர் ராஜவேல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லேப்டாப்புக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டுகள் இன்னும் எடுக்கப்படவில்லை, ரசம் காய்ந்து ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். பால்கனிக் கம்பியிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது. ஒஹையோவில் பிப்ரவரியில் இப்படி ஒருநாள் வெயில் வந்து ஏமாற்றும், மறுநாள் பழையபடி கொட்டும், இங்கே இது எனக்கு மூன்றாவது பிப்ரவரி. அவருடைய பின்கழுத்தைப் பார்க்கிறேன். கொரோனாவில் முடிவெட்டும் கடைகளை மூடியதிலிருந்து நான்தான் வெட்டிவிடுகிறேன், இந்த முறை இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது, அவருக்குத் தெரியாது, தன் பின்கழுத்தை அவர் பார்த்ததே இல்லை, அதைத் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். மேசையில் போன், ஸ்பீக்கரில் தாமோதரன். கோயம்புத்தூரில் இவரோடு ஒரே காலேஜில் படித்தவர், இப்போது நியூஜெர்சியில் இருக்கிறார், ஒவ்வொரு வருடமும் இரண்டு பேரும் இப்படிப் போனில் பேசிக்கொண்டே வருமான வரிக் கணக்குப் போடுவார்கள், ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஒரே மேட்ச் பார்ப்பது போல. லேப்டாப் திரையின் மேல் மூலையில் ஒரு பச்சை எண். சம்பளத்தில் பிடித்த வரியில் எவ்வளவு திரும்பி வரும் என்று காட்டும் எண், ரீஃபண்ட். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போடப் போட அது ஏறும், இறங்கும். அவருடைய வலது தோளுக்கு மேலே எனக்கு அது சரியாகத் தெரிகிறது. அதற்காகத்தான் இங்கே உட்கார்ந்தேன். இல்லை, கம்பளம் இங்கேதான் இருக்கிறது, அதனால் உட்கார்ந்தேன். இல்லை, அதற்காகத்தான்.

"மாப்ள, போன வருசம் பண்ணுன தப்ப இந்த வருசமும் பண்ணீராத," என்கிறது போன். "தங்கச்சி பேரச் சேக்காத. உன்ன மட்டும் தனியாப் போடு. அப்பத்தான் அந்தக் காசு வரும்." "அதத்தான்டா நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்," என்கிறார் இவர். "தங்கச்சி பக்கத்துல இருக்குதா?" "துணி மடிச்சுக்கிட்டு இருக்கா." "அம்மிணி, தப்பா நெனச்சுக்காதம்மா!" என்று போன் சத்தம் போடுகிறது. "இல்லண்ணே," என்கிறேன். போன் வரைக்கும் போயிருக்காது. இவர் திரும்பாமலே, "ஒண்ணும் நெனைக்க மாட்டா, அவளுக்குத் தெரியாததா," என்கிறார். போன வருடம் செய்த தப்பு நான். என் பெயர். வேலை பார்க்க வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு எண் கொடுக்கிறார்கள், அதை வைத்துத்தான் எல்லாம். அவர்களோடு வருகிற மனைவிக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, ஆகவே அந்த எண்ணும் இல்லை. வரிக் கணக்கில் பெயரைச் சேர்ப்பதற்கு மட்டும் வேறு ஓர் எண் தருவார்கள், ஒன்பதில் தொடங்கும், அதைக் கொண்டு வேறொன்றும் செய்ய முடியாது. நான் வந்த முதல் வருடம் அதற்காக என் பாஸ்போர்ட்டையே தபாலில் அனுப்பினோம், அது திரும்பி வருகிற வரைக்கும் தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பேன், பாஸ்போர்ட் இல்லாத அந்த வாரங்களில் நான் எங்கே இருக்கிறேன் என்பதற்கு என்னிடம் அத்தாட்சியே கிடையாது என்று தோன்றும், அப்படித் தோன்றியதில் பயம்கூட இல்லை, லேசாக இருந்தது. எண் வந்தது. மனைவி பெயரைச் சேர்த்தால் வரி குறையும், ரீஃபண்ட் கூடும் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள், சேர்த்தார், கூடியது, அதில்தான் இந்தக் கம்பளமும் அந்த மேசையும். அதற்கப்புறம் கொரோனா. அரசாங்கம் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு டாலர் கொடுத்தது. ஆபீஸில் கல்யாணமாகாதவர்களுக்கெல்லாம் வந்தது, தாமோதரனுக்கு வந்தது, வேலை பார்க்கிற அவர் மனைவிக்கும் வந்தது. இவருக்கு வரவில்லை. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பார். கடைசியில் காரணம் தெரிந்தது. சேர்த்துப் போட்ட கணக்கில் இரண்டு பேருக்கும் அந்தச் சரியான எண் இருக்க வேண்டும், ஒருவருக்கு இல்லையென்றால் இரண்டு பேருக்கும் கிடையாது. இவர் தனியாகப் போட்டிருந்தால் இவருடையது வந்திருக்கும். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார், கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும், சிரிக்கத்தான் செய்தார், "அடிப்பாவி, என் காசுக்கும் சேத்து வேட்டு வச்சிட்டியே," என்றார், நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அத்தோடு நின்றிருந்தால். நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் ஜூமில் நண்பர்கள் கூடுவார்கள், எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடந்த காலம், பேச ஒன்றும் இல்லை, ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோக் இருந்தது, இவருக்கு நான். "என் பொண்டாட்டி வெல என்ன தெரியுமா? ஆயிரத்து எரநூறு டாலர்." "கல்யாணத்துல எங்க மாமனார் போட்ட நகைய இவ ஒரே ஃபார்ம்ல கழிச்சிட்டாடா." யாராவது புதிதாகச் சேர்ந்தால் முதலிலிருந்து சொல்லுவார், பழைய ஆட்கள் "மச்சான், அந்தக் கதையச் சொல்லு," என்று எடுத்துக் கொடுப்பார்கள். நான் கேமராவுக்கு வெளியே இந்தக் கம்பளத்தில் உட்கார்ந்து சிரிப்பேன், சத்தம் மட்டும் போகும். எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். என் பெயர் சேர்ந்ததால் அந்த வருடம் வரியில் மூவாயிரத்துச் சொச்சம் குறைந்தது, அதை யாரும் சொன்னதில்லை, இவருக்கே தெரியுமா என்று தெரியவில்லை, பச்சை எண் மொத்தமாகத்தான் காட்டும், யாரால் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. நான் பிரித்துப் பார்த்தேன், மனசுக்குள்ளேயே, பாத்திரம் கழுவும்போது. எம்.எஸ்சி. புள்ளியியல் படித்தவள், சாத்தூர் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தவள், இந்தக் கழித்தல் எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் சொல்லவில்லை. எந்த இடத்தில் சொல்வது? ஜோக்குக்கு நடுவில் கணக்குச் சொன்னால் நன்றாக இருக்காது. ஜோக் முடிந்த பிறகு சொன்னால் வருத்தப்பட்டது தெரிந்துவிடும். வருத்தம் என்று ஒன்று இருந்ததா என்பதும் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், அந்த இடத்தில் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "போன மாசம் ரெண்டாவது தடவயா வந்த அந்த அறுநூற இதுல கழிச்சிருவானாடா?" என்று இப்போது இவர் கேட்கிறார், குரலில் பயம். "கழிக்க மாட்டான் மாப்ள, குடுத்தது குடுத்ததுதான். வராம விட்டதத்தான் இதுல கேட்டு வாங்கிக்கலாம். ரீஃபண்டோட சேந்து வரும். ஆனா உனக்கு அதுக்கு தங்கச்சி பேர எடுக்கோணும், நாஞ் சொல்றதக் கேளு." ஒரு சாக்ஸ் கிடைத்தது, ஜோடியைக் காணவில்லை, கீழே மெஷினுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், தனியாக வைக்கிறேன்.

என் பெயரை எடுக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். அரசாங்கம் இரண்டாவது தடவை கொடுத்தபோது, போன மாதம், இவர் கணக்கில் அறுநூறு வந்தது. "பாதியாவது குடுத்தானே புண்ணியவான்," என்றார், ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். நான் இன்னும் இருக்கிறேன், என் எண் இன்னும் ஒன்பதில்தான் தொடங்குகிறது, பின்னே எப்படி வந்தது? தேடிப் படித்தேன். டிசம்பரில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், மனைவிக்குச் சரியான எண் இல்லாவிட்டாலும் கணவனுக்கு உள்ளது கணவனுக்கு, முதல் தடவை விட்டுப்போனதையும் இந்த வருடக் கணக்கில் கேட்டு வாங்கலாம், பெயரைச் சேர்த்தே கேட்கலாம். படித்து முடித்ததும் எழுந்து அவரிடம் சொல்லப் போனேன். அவர் படுக்கையறையில் மீட்டிங்கில் இருந்தார், கதவு சாத்தியிருந்தது. அவர் மீட்டிங்கில் இருக்கும்போது நான் மிக்ஸி போடுவதில்லை, டிராயரை மூடும்போது கையைக் கொடுத்து மூடுவேன், இருமல் வந்தால் பால்கனிக்குப் போய்விடுவேன், சாப்பாடு வேண்டுமா என்று கதவிடுக்கில் கையால்தான் கேட்பது, அவரும் கையாலேயே பதில் சொல்வார். ஒரு வருடமாக. ஒருநாள் பார்சல் கொண்டுவந்தவன் வாசலில் பெயர் கேட்டான், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது, அவன் மாஸ்க்குக்கு மேலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், நான் கதவில் ஒட்டியிருந்த அவர் பெயரைக் காட்டினேன். ஆக, அன்றைக்குச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன், அவர் ஆபீஸில் யாரையோ வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார், முகம் வெளிறியிருந்தது, இன்னும் கொஞ்சம் கூட்டு வைத்தேன். மறுநாள் சொல்லலாம். மறுநாள் ஜெசிந்தா மேடத்திடமிருந்து குரல் செய்தி வந்தது. அதற்குப் பிறகு, சொல்லாமல் இருப்பது வேறு விஷயமாகிவிட்டது.

ஜெசிந்தா மேடம் அந்தக் கல்லூரியில் எங்கள் துறைத் தலைவர். "சுகந்தி, நல்லாருக்கியாம்மா? வனஜா வேலைய விட்டுட்டா. ஜூன்லருந்து ஒரு எடம் இருக்கு. நீ எங்க வரப் போற, இருந்தாலும் கேட்டு வைப்போமேன்னு கேக்குறேன். பிப்ரவரிக் கடைசிக்குள்ள ஒரு வார்த்த சொல்லு, இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்." இருபது விநாடிகூட இல்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி கேட்டேன். மேடம் பேசுவதற்குப் பின்னால் பிள்ளைகள் போகிற சத்தம், வகுப்பு விட்டிருக்க வேண்டும், எவளோ ஒருத்தி "ஏ பிள்ள, என் குடைய எடுத்துட்டு வா" என்று கத்துகிறாள், நான் அவளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன், தொண்டையைத் திறந்து என்ன கத்து கத்துகிறாள். கண்ணில் தண்ணீர் வருமோ என்று கண்ணாடியைப் பார்த்துக் காத்திருந்தேன், வரவில்லை, வாய் மட்டும் கொஞ்சம் கோணியது. இவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா முதலில் கேட்பது, "மாப்பிள்ள நல்லாத்தான வச்சிருக்காரு?" என்பதுதான். நல்லாத்தான் வச்சிருக்காரு. குடி கிடையாது. நான் எங்காவது கிளம்பினால் பத்து நிமிடம் முன்னால் இறங்கிப் போய்க் காரைச் சூடு பண்ணி வைப்பார். பொரித்த மீனில் கடைசித் துண்டை என் தட்டில் தள்ளுவார். போவதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா, அம்மாவுக்குச் சொல்ல, அவர் வீட்டாருக்குச் சொல்ல, கல்யாண ஆல்பத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய அத்தனை பேருக்கும் சொல்ல. ஜோக் அடித்தார் என்று சொல்ல முடியுமா? மிக்ஸி போட முடியவில்லை என்று சொல்ல முடியுமா? அப்போதுதான் இதை நினைத்தேன், தாமோதரன் போன வாரமே "இந்த வருசம் தங்கச்சி பேர எடுத்துரு" என்று சொல்லி, இவர் "பாக்கலாம்டா" என்று சொன்ன அன்றைக்கு. நான் வாயைத் திறக்கக் கூடாது. இவராக என் பெயரை எடுத்தால், மேடத்துக்கு வருகிறேன் என்று எழுதுவது. இவராக என் பெயரை வைத்துக்கொண்டால், வரவில்லை என்று எழுதுவது. எழுதிவிட்டு அத்தோடு விடுவது. யாருக்கும் தெரியாமல் இப்படி ஒரு பந்தயம். அவருக்கே தெரியாமல் அவர் கையில் கொடுத்து வைத்திருக்கிறேன், அது அவருடைய தோளுக்கு மேலே, திரையின் மூலையில், பச்சையாக.

"சரி, தனியாப் போட்டுப் பாக்குறேன்," என்கிறார். நாற்காலியை முன்னால் இழுக்கிறார். என் கையில் தலையணை உறை, ஓரத்தைப் பிடித்தபடி நிறுத்திவிட்டேன். ஒரு பக்கத்துக்குப் போகிறார், அதில் இரண்டு வட்டங்கள், மனைவியோடு சேர்த்து, தனியாக, மேல் வட்டத்தில் புள்ளி இருக்கிறது. அம்புக்குறி கீழ் வட்டத்துக்குப் போகிறது. புள்ளி இடம் மாறியது. திரையில் என்னவோ சுழல்கிறது. பச்சை எண் இல்லை, அந்த இடத்தில் வெள்ளை, பிறகு எண் வந்தது, பச்சையாகத்தான் வந்தது, ஆனால் இளைத்துப் போய். மூவாயிரத்துச் சொச்சம் குறைந்திருக்கிறது. பாத்திரம் கழுவும்போது நான் போட்ட கணக்குச் சரி. தாமோதரன் அந்தப் பக்கத்தில் எதையோ மென்றுகொண்டிருக்கிறார், முறுக்கு மாதிரி சத்தம். இவர் அசையவில்லை. கழுத்து அப்படியே இருக்கிறது, இடது பக்கம் ஏறிய முடியோடு. மாற்றுவார், இப்போது மாற்றுவார், எண் இறங்கியதைப் பார்த்துவிட்டார், இறங்கினால் இவர் உடனே 'ஐயையோ' என்பார், பெட்ரோல் பங்கில்கூட விலை ஏறியிருந்தால் 'ஐயையோ' என்பவர், ஏன் சொல்லவில்லை? கை மவுஸ் மேல் இருக்கிறது. ஒரு விரல் மட்டும் மெதுவாகத் தட்டுகிறது, அழுத்தவில்லை. பால்கனியில் சொட்டுகிறது. என்ன யோசிக்கிறார்? மூவாயிரம் போனாலும் பரவாயில்லை என்று யோசிக்கிற மாதிரி ஒரு யோசனை அவருக்குள் இருக்கிறதா? இருந்தால் எப்போதிலிருந்து? நான் அவரைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே, அவரும் இந்த ஒரு வருடமாகப் படுக்கையறைக் கதவுக்கு அந்தப் பக்கத்தில் எதையாவது எண்ணிக்கொண்டிருந்தாரா? அவரும் டிராயரைக் கை கொடுத்து மூடிக்கொண்டிருந்தாரா? பயம். பயம்தான் இது, அடையாளம் தெரிகிறது, எவ்வளவு நாளாயிற்று. எடுத்துவிடுங்கள் என்று நினைக்கிறேனா, எடுத்துவிடாதீர்கள் என்று நினைக்கிறேனா, இரண்டுக்கும் ஒரே பயம்தான். இப்போது வாயைத் திறந்து சட்டம் மாறிவிட்டது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், என் பெயரை வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும், எனக்கும் கிடைத்துவிடும். தலையணை உறையை மடிக்கிறேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன்.

"கொறையுதுடா," என்கிறார், மெல்ல. "எவ்வளவு?" "மூவாயிரத்துக்கு மேல." "அட, அந்த நிவாரணக் கேள்விக்குப் பதில் போட்டியா? மொதத் தடவ எவ்வளவு வந்துச்சுன்னு கேப்பான், சைபர்னு போடு." போடுகிறார். எண் ஏறுகிறது, சரியாக ஆயிரத்து இருநூறு. "ஏறிருச்சுடா! ஆனாலும் பழையத விடக் கம்மிதான்." "அப்ப தங்கச்சியத் திருப்பி உள்ள கொண்டா, எவ்வளவு வருதுன்னு பாப்பம்." புள்ளி மேல் வட்டத்துக்குப் போகிறது. சுழல்கிறது. எண் குதித்தது, அவரும் நாற்காலியில் குதித்தார். "டேய் தாமு! அது போகலடா! அவ பேரப் போட்டும் அந்த ஆயிரத்து எரநூறு உள்ளயே நிக்கிது! ரெண்டும் வருது!" "சட்டத்தக் கிட்டத்த மாத்திட்டானாட்ட இருக்குது மாப்ள, சத்தம் போடாம அனுப்பிவிட்டுரு." மாத்திட்டான். ஒரு மாதமாக நான் பொத்தி வைத்திருந்ததை மென்பொருள் எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறது, யாரும் கேட்காமலே போட்டும் கொடுத்துவிட்டது. இவர் திரும்பிப் பார்க்கிறார், இன்றைக்கு முதல் தடவையாக, முகமெல்லாம் சிரிப்பு, நல்ல சிரிப்பு, கல்யாணத்துக்கு முன்னால் வீடியோவில் பார்த்த சிரிப்பு. "ஏய், நீ லாபம்தான்டி!" என்கிறார். லாபம். வைத்துக்கொண்டார். பந்தயத்தில் இதுதான் விடை, வரவில்லை என்று மேடத்துக்கு எழுத வேண்டும். எனக்கு நிம்மதி வரும் என்று காத்திருக்கிறேன், துண்டைக் கன்னத்தில் வைத்துக் காத்திருந்த மாதிரி. வரவில்லை. வேறொன்று வருகிறது, மெதுவாக, அறிவு மாதிரி. பெயரை எடுத்தால் நஷ்டம் என்பது எனக்குப் பாத்திரம் கழுவும்போதே தெரியும். சட்டம் மாறியதும் தெரியும். நஷ்டத்துக்கு இவர் எதையும் செய்யமாட்டார் என்பது மூன்று பிப்ரவரியாகத் தெரியும். எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்த காசைத்தான் சுண்டிவிட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் வருட மாணவி இப்படி ஒரு சோதனையை எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையில் குறுக்கே அடித்திருப்பேன். போகாமல் இருப்பதற்கு அவருடைய கையை இரவல் வாங்கினேன், அவ்வளவுதான் நடந்தது. அந்த விரல் அழுத்தாமல் தட்டிக்கொண்டிருந்த கொஞ்ச நேரம் மட்டும் என் கணக்கில் இல்லாதது, அது என்ன என்று அவர் சொல்லப் போவதில்லை, நானும் கேட்கப் போவதில்லை.

"இங்க வா சுகந்தி," என்கிறார். "கையெழுத்துக்குப் பதிலா ஆளுக்கு அஞ்சு நம்பர் போடணும். போன தடவ நானே உனக்கும் சேத்துப் போட்டேன். இந்தத் தடவ நீயே சொல்லு, உன் ராசி நல்லாருக்கு." எழுந்திருக்கப் பார்க்கிறேன், காலை மடக்கி உட்கார்ந்திருந்ததில் வலது கால் மரத்துவிட்டது, ஊன்றினால் யாருடைய காலோ போல இருக்கிறது. மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன். "என்ன?" என்கிறார். "ஜூன்ல எங்க காலேஜ்ல ஒரு எடம் இருக்காம்," என்கிறேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது, அறை முழுக்கக் கேட்கிறது, சமையலறை வரைக்கும் போகிறது. "ஜெசிந்தா மேடம் கேட்டிருந்தாங்க. வர்றேன்னு சொல்லப் போறேன்." அவர் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்கிறது, எடுக்க மறந்துபோன மாதிரி. முறுக்குச் சத்தம் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் இன்னும் போட்டிருக்கிறது என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வருகிறது. "மாப்ள," என்கிறது போன், தொண்டையைச் செருமி, "நான் அப்பறமாக் கூப்புடறேன்." டொக்கென்று ஒரு சத்தம், பிறகு அவரும் நானும் சொட்டுகிற பனியும். "எத்தன நாளைக்கு?" என்கிறார். "தெரியல." "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. வாய் அதற்குத் தயாராவதைப் பார்த்தேன், பிறகு அது மூடிக்கொண்டது, அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி திரையை. மூலையில் எண் பச்சையாக, பெரிதாக, நிறைந்து நிற்கிறது. "அப்ப இது," என்கிறார், அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல் கையால் லேப்டாப்பைக் காட்டுகிறார், "இத அனுப்பலாமா, கூடாதா? உன் பேரோட?" ஏமாற்றுகிற எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே சந்தேகம், சட்டச் சந்தேகம், அவருக்கு இப்போதைக்குக் கேட்க முடிந்தது அது ஒன்றுதான், எனக்கும் அது ஒன்றுக்குத்தான் விடை தெரியும்.

"அனுப்புங்க," என்றேன். "போன வருஷத்துக்குத்தான இது? போன வருஷம் முழுக்க நான் இங்கதான இருந்தேன்."